பட்டினி கிடந்த பேட்டரி

உன் கைக்குட்டை என் முன்னால் மேசையில் கிடக்கிறது. ஓரத்தில் நீல நூலால் பின்னல் போட்ட வெள்ளைக் கைக்குட்டை. காரின் டாஷ்போர்டு டப்பாவில், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் நாலாக மடித்தபடியே இருந்தது. விரித்துப் பார்த்தேன். யூகலிப்டஸ் தைல வாசனை இன்னும் போகவில்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரு சொட்டுத் தைலம் உன்னைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பின்கோடு எழுதாத கவரை நீ தபால் கவுண்டரில் வாங்கவே மாட்டாய். "எங்க போகணும்னே தெரியாம எதுக்கு ஸ்டாம்ப் ஒட்டினீங்க?" என்று திருப்பித் தள்ளுவாய். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும். நம் காரை ரிப்பேர் செய்வதா, எடைக்குப் போடுவதா என்று நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி உன்னுடையது, ஓட்டியவள் நான். உன்னைக் கேட்காமல் இதிலெல்லாம் முடிவு செய்து எனக்குப் பழக்கமில்லை.

மயிலாப்பூர் தபால் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருடமும் உனக்கு ஒரே எதிரி, பெட்ரோல் வாசனை. ஆட்டோவில் ஏறினால் முகத்தில் கைக்குட்டை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் இறங்கி நடந்தே வருவாய். ஒரு முறை ஆபீஸ் ஜீப்பில் தேனாம்பேட்டை வரை போவதற்குள் சூப்பிரண்டெண்ட் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, "ஸாரி சார், உங்க ஜீப்தான் காரணம்" என்று சொன்னவள் நீ. அவர் அதற்குப் பிறகு உன்னை எந்த வேலைக்கும் வெளியே அனுப்பவில்லை. அதுவும் உனக்கு வசதியாகத்தான் போயிற்று.

நீ ரிட்டயர் ஆன மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "கார் வாங்கிட்டேன்டி" என்றாய். கரண்டி என் கையில் அப்படியே நின்றது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஆள் நீ.

"யாரு ஓட்டுவாங்க?"

"நீதான். உங்க வீட்டுக்காரர் காரை அவர் போனதுக்கு அப்புறம் நீ ஓட்டினே இல்ல? லைசென்ஸ் சும்மாதானே கெடக்குது."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் வாங்கிட்டு சொல்றேன். கரண்ட்ல ஓடுதுடி. வாசனையே கிடையாது. ஷோரூம்ல உள்ள உக்காந்து மூச்சை நல்லா இழுத்துப் பாத்துட்டுதான் அட்வான்ஸ் குடுத்தேன்."

உலகத்தில் மற்றவர்கள் மைலேஜ் பார்த்து, கலர் பார்த்துக் கார் வாங்குவார்கள். மோந்து பார்த்து வாங்கியவள் நீ ஒருத்திதான். அதற்கப்புறமும் அந்தத் தைலக் கைக்குட்டையை நீ விடவில்லை என்பது வேறு கதை. பக்கத்தில் நிற்கிற ஆட்டோவுக்காக என்பாய்.

சாந்தோமில் உன் முதல் மாடி வீட்டிலிருந்து காருக்குச் சார்ஜ் இறக்கிய அழகை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. கீரைக்காரம்மாவுக்குக் கயிறு கட்டி இறக்குவாயே, அந்தப் பிளாஸ்டிக் கூடைக்குள் வயரைச் சுருட்டி வைத்து பால்கனியிலிருந்து இறக்குவாய். நான் கீழே நின்று எடுத்துக் காரில் சொருகுவேன். காலையில் கூடை ஒரு முறை வயரோடு மேலே போய், கீரையோடு மறுமுறை மேலே போகும். அசோசியேஷன் செயலாளர் இது என்ன பழக்கம் என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுக்கும் கீரை வேணுமா சார்?" என்று கேட்டாய். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது வருடம் ஓட்டினோம். பட்டன் வாங்க பாண்டி பஜாருக்குக் கிளம்பி, பட்டனை மறந்துவிட்டு, அடையாரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புவோம். எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்று கேட்க ஆளில்லை. அந்தச் சுகம் எவ்வளவு பெரியது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. என் மகன் பிரவீனைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான பிள்ளை. "எங்கயாவது போகணும்னா சொல்லுங்கம்மா, கேப் புக் பண்ணித் தரேன்" என்கிறான். செய்தும் தருகிறான். ஆனால் எங்கே, எதுக்கு, எப்போ திரும்புவீங்க என்று மூன்று கேள்வி. பாசம்தான். மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போகிற ஆசையே போய்விடுகிறது. இந்தப் பதினோரு மாதத்தில் கோயிலையும் பல் டாக்டரையும் தவிர நான் எங்கும் போகவில்லை. இந்தக் கார் போய்விட்டால், மிச்சமிருக்கும் வருடங்களுக்கு நான் அடுத்தவர் கூட்டிக்கொண்டு போகிற ஆள். அதுதான் இப்போது கேள்வி. பேட்டரி அல்ல.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் காரின் மேலிருந்த கவரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பெனி சர்வீஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் போன் வந்தது. பேட்டரி மொத்தமும் போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும், வாரன்டி முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, இந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டோம், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம். வண்டி வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பிரவீன் பழைய வண்டி எடுக்கிற ஒருவரை அழைத்து வந்தான். அவர் காரைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிவிட்டு, எடைக்கணக்கில் ஒரு விலை சொன்னார். காகிதங்களை எடுக்கத்தான் அந்த டப்பாவைத் திறந்தேன். கைக்குட்டை கிடைத்தது. "அடுத்த வாரம் வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

மேற்கு மாம்பலத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இன்வெர்ட்டர் பேட்டரி சரிசெய்கிற ஒரு பாய் இருக்கிறார். இப்போதெல்லாம் கரண்ட் ஸ்கூட்டர், கரண்ட் ஆட்டோ எல்லாம் அவரிடம்தான் வருகிறதாம். நம் பங்குக் கோயிலில் ஒருவர் சொன்னார். வண்டியை அங்கே ஏற்றி அனுப்பினேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். காரின் அடியிலிருந்த பேட்டரிப் பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்திருந்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னப் பெட்டிகள், சோற்றுப் பொட்டலம் அடுக்கியதுபோல. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தார். எவ்வளவு கரண்ட் நிற்கிறது என்று அளந்து எழுதியதாம்.

ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "வண்டி எப்பம்மா கடைசியா ஓட்னீங்க?"

"அப்பப்ப எடுத்துட்டுதான் இருந்தேன். மாசத்துக்கு ரெண்டு தடவை."

பொய். அறுபத்தொன்பது வயதில் ஒரு மெக்கானிக்கிடம் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பொய் சொன்னேன்.

பாய் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "வண்டி வேற மாரி சொல்லுதும்மா. போன வருசம் கடைசியா ஓடிச்சுன்னு கீது. அதுக்கப்புறம் சார்ஜும் போடல, நகரவும் இல்ல."

திரையிலிருந்த தேதியைப் பார்த்தேன். உன்னை அடக்கம் செய்த நாள்.

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் உன் தம்பி என் கையில் சாவியைத் திணித்தார். "அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. வண்டி உங்களுக்குத்தானாம்." சாயங்காலமே உன் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்து, மந்தைவெளிக்கு ஓட்டி வந்து, கவர் போட்டு மூடினேன். நம் வீடுகளில் ஒருவர் போனால், ஒரு வருடம் கழித்துக் கோயிலில் வைக்கிற ஆண்டுத் திருப்பலிப் பூசை வரை நல்லது எதையும் தொடமாட்டோம் இல்லையா. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டமாட்டோம், புதுத்துணி எடுக்கமாட்டோம், கல்கல் பலகாரம் சுடமாட்டோம். ஆனால் சிநேகிதிக்காக யாரும் அப்படி இருக்க வேண்டும் என்று வழக்கமில்லை. உன் அண்ணன் மனைவி அனுசரிக்கலாம்; வருடத்துக்கு ஒரு முறை உன்னைப் பார்த்த அவளுக்கு உரிமை இருக்கிறது. தினமும் பார்த்த எனக்கு இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் மருமகள் ஸ்டார் கட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகாந்திரம் இருந்தது?

அதனால் யாருக்கும் சொல்லாமல் நானே ஒன்று வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் காரை எடுப்பதில்லை. ஆண்டுத் திருப்பலி முடிந்த பிறகுதான் சாவியைத் தொடுவது. பிரவீன் கேட்டபோது முழங்கால் வலி என்றேன். சார்ஜ் போட்டு வைக்க வேண்டும் என்பது புத்தியில் எங்கோ இருந்தது. அதுகூட உனக்குத் துரோகம் என்று பட்டது. கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு மாதம் முன்னதாகவே கவரைக் கழற்றினேன். அதற்குள் முடிந்துபோயிருந்தது.

எல்லாவற்றையும் பாயிடம் சொல்லிவிட்டேன். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவர் டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்.

"எங்க வூட்லயும் துக்கம்னா நாப்பது நாளு கீதும்மா. மனுசன் கெடப்பான், தப்பில்ல. ஆனா இத்த இன்னாத்துக்குப் பட்டினி போட்டீங்க? அதுக்கு இன்னா தெரியும், ஒரு ஆளு போனது? மாசம் ஒருக்கா பாதி சார்ஜ் போட்டு வெச்சிருந்தா சும்மா ஜம்முனு நின்னிருக்கும்."

"அப்ப வயசாகிப் போகலையா?"

"வயசு கொஞ்சம் கீது. ஆனா செத்தது வயசால இல்லம்மா. நிப்பாட்டி வெச்சதால."

நான் கொன்றேன் என்பதை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லமுடியாது.

ஆனால் மொத்தமும் சாகவில்லை. அதைத்தான் காட்டினார். அந்த எண்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன. ஒரு மூலையில் மட்டும் ஏழு பெட்டிகள் தரைமட்டம். "இதுங்கதான் மத்ததையும் புடிச்சி இழுத்துக்கினு கீது" என்றார். இதே மாடல் கார் ஒன்று விபத்தில் நசுங்கி கோடம்பாக்கத்தில் கிடக்கிறதாம். அதன் பேட்டரி நன்றாக இருக்கிறது. அதிலிருந்து ஏழு எடுத்துப் போடலாம். கம்பெனி சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் புதுசு மாதிரி ஓடாது. "நாப்பது, நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரும். ரெண்டு வருசமோ மூணு வருசமோ. பேப்பர்ல எழுதி கேரண்டி எல்லாம் தரமாட்டேன், பொய் சொல்லிக் காசு வாங்க மாட்டேன். வேற ஒரு பார்ட்டியும் அந்த நசுங்கின வண்டிய கேக்கறாங்கோ. நாளைக்கு சாயங்காலம் சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து பிரவீனிடம் சொன்னேன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

"நாப்பது கிலோமீட்டர் போறது ஒரு காராம்மா? வழியில நின்னுட்டா? பழைய பேட்டரி சூடாகி ஏதாவது ஆச்சுன்னா? எதுக்கு இந்த வயசுல ரிஸ்க்?"

மேசைமுன் வந்து உட்கார்ந்தேன். உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது, வழியில் நிற்பது என்றதும் கோவளம் போன நாள்தான் ஞாபகம் வருகிறது.

நம் ஒரே நீண்ட பயணம். நீதான் கடலைப் பார்க்க வேண்டும் என்றாய். சாந்தோமில் ஜன்னலைத் திறந்தால் கடல். அது போதாதாம், வேறு கடல் வேண்டுமாம். திரும்பும்போது ஏ.சி.யைத் தாராளமாகப் போட்டதில் சார்ஜ் சரசரவென்று இறங்கியது. பத்தொன்பது சதவீதம். பதினான்கு. ஒன்பது. ஏ.சி.யை அணைத்தோம், பாட்டை அணைத்தோம். நீ ஜெபமாலையை எடுத்தாய். ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை அந்த எண்ணைப் பார்த்தாய். "அருள் நிறைந்த மரியே, எட்டுக்கு வந்துடுச்சுடி, வாழ்க" என்று மாதாவுக்கும் எனக்கும் சேர்த்தே சொன்னாய். மூன்றில் திருவான்மியூர் வந்து சேர்ந்தோம். பெரிய பிளக் பாயின்ட் யாரிடம் இருக்கும் என்று யோசித்து, ஒரு மாவு மில்லில் போய் நின்றோம். மில்காரர் நம் இருவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கார அரைக்கணுமா?"

இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறியது. மிளகாய்த்தூள் நெடியில் தும்மிக்கொண்டே, தலையெல்லாம் மாவாக நின்றோம். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு நீ இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கி அரைத்தாய். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாய். "இனிமே நம்ம தூரத்தோட நிறுத்திக்கலாம்டி. போற தூரத்துக்கு இருந்தா போதும்."

நம் தூரம் எது? இப்போதுதான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். லஸ் போய் வர நாலு கிலோமீட்டர்கூட இல்லை. தி. நகர் போய் வரப் பத்து, பன்னிரண்டு. பெசன்ட் நகர் மாதா கோயிலும் அதே அளவுதான். கல்லறைத் தோட்டம் கூப்பிடு தூரம். ஒன்பது வருடத்தில் அந்தக் கோவளத்தைத் தவிர, ஒரு நாளில் முப்பதைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. நாற்பது எனக்கு மிச்சம்தான்.

எழுந்துபோய் பிரவீனிடம் சொன்னேன். "டேய், நீ ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. ஆனா நான் கேக்க வேண்டியிருக்கு. அது எனக்குப் புடிக்கல. நான் பாய்கிட்ட சரின்னு சொல்லப் போறேன்."

இப்படி அவனிடம் நான் பேசியதே இல்லை. "நாளைக்கு நானும் கடைக்கு வரேன்மா. ஒயரிங் எல்லாம் சரியா பண்றாரான்னு பாக்கணும்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய்க்கு இன்றைக்கே போன் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுகிறேன்.

வண்டி வந்துவிட்டது. பிரவீன் மூன்று நாள் பாயின் கடையில் நின்று கேள்வி கேட்டே அவரை ஒரு வழி பண்ணிவிட்டான். இப்போது இரண்டு பேரும் சிநேகிதம். சூடு ஏறினால் தானே அணைந்துவிடுகிற ஏதோ ஒன்றை அவன் கேட்டுக்கொண்டதற்காகப் புதிதாக மாட்டிக் கொடுத்திருக்கிறார். சாவியைத் தரும்போது பாய் என்னிடம் தனியாகச் சொன்னார். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெளிய எடுங்கம்மா. வேல இல்லன்னாலும் எடுங்க. திருப்பியும் நிப்பாட்டிட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

நேற்று காலை தனியாக எடுத்தேன். நூறில் கிளம்பி, மந்தைவெளியிலிருந்து அடையார் பாலம் தாண்டி, பெசன்ட் நகர் போய்க் கோயிலில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, எழுபத்திரண்டில் வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு இடத்தில் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டேன். பின்னால் வந்தவன் ஏதோ திட்டினான். சந்தோஷமாக இருந்தது.

உன் ஆண்டுத் திருப்பலிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். உன்னை மறந்துவிட்டுக் கிளம்பவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பதினோரு மாதமும் வீட்டில் உட்கார்ந்து உன்னை நினைத்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடந்த நீதான் கண்ணுக்குள் வந்தாய். வேறு எந்த நீயும் வரவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று பாலத்தில் ஏறினேன். முன்னால் ஒரு தண்ணி லாரி போய்க்கொண்டிருந்தது. வண்டி ஓட்டத் தெரியாத நீ, ஓட்டுகிற எனக்கு வழிநெடுக உத்தரவு போட்டுக்கொண்டே வருவாய் என்பதை இத்தனை பக்கம் எழுதியும் சொல்லவே மறந்திருக்கிறேன். ஒன்பது வருடம் அதற்காக உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். பாலம் இறங்குகிற இடத்தில், இடது காதருகே, நல்ல தெம்பான குரலில் கேட்டது. "மெதுவாடி. அவன் கைகூடக் காட்டாம திரும்புவான் பாரு."

பிரேக்கை அழுத்தினேன். அவன் திரும்பினான்.